மெட்டி போட்டுப் போன ஆஸ்பத்திரி

அருப்புக்கோட்டை
19.8.2024

எதிரே வந்தால் மூவேந்தரும் எழுந்து நின்று வழிவிட வேண்டிய பரளச்சி நர்சரிப் பள்ளி டீச்சரம்மாவும், என் அக்காள் சுப்பம்மாள் பெற்ற ஒரே மருமகளுமான நாகஜோதிக்கு, விதைக்கும் உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் ஏகச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் நவநீதகிருஷ்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். வெயிலுக்கு மட்டும் சுகமில்லை. நேற்று மத்தியானம் என் கடை வாசலில் கிடந்த நிழல், சூடு தாங்காமல் உள்ளே ஓடிவந்து என் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. விரட்டினேன், போகவில்லை.

உன் கடிதத்தை லோடு ஆட்டோ முத்துராஜ் யூரியா மூட்டையின் மேல் வைத்து ராஜ மரியாதையோடு கொண்டுவந்தான். உன் போனில் எது வந்தாலும் உன் அம்மா வாங்கிப் பார்க்கிறாள் என்பதால் நீ கடிதமாகவே எழுதியது நல்லது. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நம் இரண்டு அரசுகளுக்கும் இடையில் தபால் போக்குவரத்துதானே.

படித்தேன். வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். மாதக்கணக்கில் வராமல் இருந்து, வரும்போது உயிரை வாங்குகிறது. உன் அம்மா எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்து, "ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டாள். நீயோ போனில் தேடிப் பார்த்து, இது கர்ப்பப்பைப் பக்கம் வருகிற நீர்க்கட்டியாக இருக்கும் என்று பெயர் சூட்டு விழாவே நடத்திவிட்டாய். டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று மாமனைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறாய்.

தீர்ப்பு: போகலாம். ஆனால் அருப்புக்கோட்டையில் இல்லை. இங்கே வயசுப் பெண் ஒருத்தி பிள்ளைப்பேறு டாக்டர் வீட்டுப் படியில் வலது காலை வைத்தால், இடது காலை வைப்பதற்குள் பக்கத்து ஊரான பாலவனத்தத்தில் அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிடும். ஆகவே மதுரை. உன் முருகேஸ்வரி அத்தையும் வருகிறாள். அவளுடைய பழைய மெட்டியையும் ஒரு கவரிங் தாலிச் செயினையும் எடுத்து வைத்திருக்கிறாள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் போட்டுக்கொள். திரும்பும்போது காரியாபட்டி வருவதற்குள் கழற்றிவிடலாம். பெரிய வீடுகளில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

என் மகன் மாதவனிடம் சொல்லவில்லை. சொன்னால், முறைப்பெண் முன்கூட்டியே மெட்டி போட்டு அளவு பார்க்கிறாள் என்று தலைகால் தெரியாமல் ஆடுவான்.

இப்படிக்கு,
உன் வலியின் மீது படையெடுத்து வரும்
மாமா

பரளச்சி
23.8.2024

அன்புள்ள மாமாவுக்கு ஜோதி எழுதுவது.

அம்மா நலம். மழை இன்னும் இல்லை. உழுது போட்ட நிலம் அப்படியே கிடக்கிறது. உங்கள் நிழல் ஓடிவந்த கதையைப் படித்து ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று ஒரு பிள்ளை கேட்டது.

மெட்டி வேண்டாமே மாமா. எனக்கு வலிக்கிறது என்று சொல்லத்தானே போகிறோம், அதற்கு எதற்கு வேஷம் என்று தோன்றுகிறது. ஆனால் அம்மாவிடம் மதுரை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஒன் மாமா கூட்டிட்டுப் போனா போ. அங்கன உக்காந்திருக்கையில நம்ம ஆளுக கண்ணுல பட்டா அப்புறம் ஒன்னய யாரு கட்டுவா" என்றாள். கடைசியில் மெட்டி என்றதும்தான் சம்மதித்தாள். அம்மாவும் நீங்களும் ஒரே மாதிரி யோசிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, போட்டுக்கொள்கிறேன். வலி அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. போன வாரம் பஸ்ஸில் நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்து வந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்டர் அறைக்குள் நீங்களும் வாருங்கள். அத்தை இருந்தால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

அன்பு மருமகள்,
ஜோதி

அருப்புக்கோட்டை
4.9.2024

மதுரையை வென்று மீண்ட வீராங்கனைக்கு மாமன் எழுதுவது.

படையெடுப்பு எப்படி? ஆஸ்பத்திரியா அது? லிப்டுக்குள்ளே நாலு ஏக்கர் சோளம் விதைக்கலாம். வாசல் சோபாவில் உட்கார்ந்தேன். அது என்னை முழங்கால் வரை விழுங்கியதும் பயந்து எழுந்து எதிரே டீக்கடைக்கு வந்துவிட்டேன். உள்ளே வருகிறேன் என்று சொன்னவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே சுற்றிலும் பெண் பிள்ளைகள். வேட்டியோடு நான் ஒருவன் போய் நின்றால், ஆண் பிள்ளைக்கும் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி என்று மறுநாள் பேப்பரில் வந்திருக்கும். நான் குடித்த டீயில் அந்தக் கடைக்காரன் மாடி கட்டிவிடுவான்.

அத்தை எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். டாக்டர் எந்தக் கேள்வி கேட்டாலும் நீ வாய் திறப்பதற்குள் பதில் தயாராம். அவளை நம் மாவட்டக் கலெக்டராகப் போட்டிருக்க வேண்டும். நீர்க்கட்டிதான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும் என்றாள். அப்புறம் என்ன? தவறாமல் சாப்பிடு.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
வெற்றி வேந்தன்
மாமா

பரளச்சி
9.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

களைப்பு இல்லை மாமா.

இதை ஒரு பெண் தன் மாமாவுக்கு எழுதக் கூடாது. ஆனால் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை; நீங்கள் கேட்காததால் எழுதுகிறேன்.

உள்ளே போனதும் டாக்டர் முதலில் பார்த்தது என் காலைத்தான். மெட்டியைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார். அத்தை, ரெண்டு என்றார்கள். குழந்தை? இன்னும் தங்கவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அந்த டாக்டர் என்னிடம் பேசியதெல்லாம் இல்லாத குழந்தையைப் பற்றித்தான். எனக்கு வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "அது எல்லாருக்கும் இருக்கறதுதான், ஒரு குழந்தை நின்னுட்டா சரியாயிரும்" என்றார். அம்மா சொன்னதையே வெள்ளைக் கோட்டு போட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கல்யாணமான பெண்களுக்கு எடுக்கிற ஸ்கேன் வேறு மாமா. வயிற்றின் மேல் வைத்து எடுப்பது இல்லை அது, உள்ளே விட்டு எடுப்பது. படுக்கச் சொல்லி, நர்ஸ் அந்தக் கருவியை எடுத்ததும்தான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு வருசமாச்சுங்கிற, இன்னும் என்ன வெக்கம்" என்று சிரித்தாள். அத்தையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவ கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று மட்டும் சொன்னார்கள். நான் அழுத அழுகையில் வயிற்றின் மேலேயே வைத்து எடுத்து அனுப்பினார்கள். நீர்க்கட்டி இருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது. டாக்டருக்கு என் மேல் கோபம். அடுத்த முறை புருஷனையும் கூட்டிவரச் சொன்னார்.

நீங்கள் தவறாமல் சாப்பிடச் சொல்லும் மாத்திரை, கரு உண்டாவதற்கானது. நான் ஒன்றுகூட விழுங்கவில்லை. வலி போன மாதத்தை விட மோசம்.

நான் யார் மேலும் குற்றம் சொல்ல வரவில்லை. மெட்டியைப் போட்டுக்கொண்டது என் கால்தான். ஆனால் மறுபடியும் போக வேண்டும். அருப்புக்கோட்டை கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போகலாம். என் காலில் ஒன்றும் இல்லாமல், கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லிப் போகலாம். அம்மா வர மாட்டாள். நீங்கள் வருவீர்களா? டீக்கடையில் நிற்க வேண்டாம், என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். யார் பார்த்தாலும், என் மருமகளுக்கு வயிற்றுவலி என்று நீங்கள் சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள்.

வருகிறேன், வரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஜோதி

அருப்புக்கோட்டை
21.10.2024

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது.

பதில் தாமதம். என்னைக் கழுவில் ஏற்று. ஆனால் ஏற்றுகிற ஆளுக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடு, நான் கொஞ்சம் கனம்.

இங்கே மழை பெய்துவிட்டது. விதை வாங்க வந்த கூட்டத்தில் என் கடைச் சுவர் ரெண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டது. மூச்சு விட நேரமில்லை, பகல் மூச்சையும் சேர்த்து ராத்திரிதான் விடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். அத்தையிடம் கேட்டேன். அவள் அழுதாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இப்போது வேண்டாம், தை வரைக்கும் பொறுத்துக்கொள். காரணம் சொல்கிறேன், கோபப்படாதே. மாதவனுக்குக் காரியாபட்டியில் ஒரு இடம் அமைந்திருக்கிறது. இரும்புக் கடைக் குடும்பம். கார்த்திகையில், டிசம்பர் நாலாம் தேதி நிச்சயம், தையில் கல்யாணம். இந்த நேரத்தில் நம் வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால், அவுக ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

உன்னை விட்டுவிட்டு வேறு பெண் எடுக்கிறோமே என்று நான் வருந்தாமல் இல்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்து எங்கள் தெரு நாயும் பட்டினி கிடந்தது. ஆனால் அத்தை அந்த ஸ்கேனைக் கூடவே இருந்து பார்த்துவிட்டாள். "தெரிஞ்சே எம்மகனுக்குக் கட்டி வைக்கவா" என்கிறாள். ஒரே பிள்ளை. நான் என்ன சொல்ல?

முறைப்பெண் இருக்கும்போது வெளியே பெண் எடுத்தால், அவளுக்குச் சேலை வைத்துச் சம்மதம் கேட்பது நம் வழக்கம். முத்துராஜிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பச்சைப் பட்டு. அதைத் தூக்கிக் காட்டினால் வானவில் தன் நிறத்தை எல்லாம் கழுவிவிட்டு வந்து கடன் கேட்கும். நிச்சயத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு நீ முன்னால் நிற்க வேண்டும். உன் வாயால் சரி என்று சொல்லிவிட்டால் ஊர் வாய் மூடிக்கொள்ளும்.

உன் மாமன்தான் எப்போதும்,
நவநீதகிருஷ்ணன்

பரளச்சி
18.11.2024

மாமாவுக்கு,

சேலை வந்தது. பிரிக்கவில்லை. அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள்.

மாதவன் அத்தானுக்கு நல்லபடியாக நடக்கட்டும். உண்மையாகவே சொல்கிறேன். நான் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள் என்றுதான் கேட்டேன்.

தை வரைக்கும் பொறுக்கவில்லை. போன புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பஸ் உங்கள் கடையைத் தாண்டித்தான் போனது. நீங்கள் வாசலில் நின்று யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உங்கள் எதிர்க்கடை ஜக்கம்மாள். "யாரு, நவநீதன் அக்கா மகளா? கூட யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். "என்ன செய்யுது?" என்றார்கள். சொன்னேன். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, வந்தால் வலி தாங்க முடியவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அவர்கள் தங்கள் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார்கள். இந்நேரம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். காரியாபட்டிக்கும் போயிருக்கலாம்.

டாக்டர் என்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீர்க்கட்டி இருக்கிறது, ஆனால் அது மட்டும் இவ்வளவு வலிக்காது, வேறு ஏதோ ஒன்றும் இருக்கலாம், முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார். முதலிலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டபோது, பதினோராம் வகுப்பிலிருந்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருசமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?" என்றார்.

எங்கள் மாமா எழுதும் கடிதங்களைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த ஸ்கேனுக்கு டிசம்பர் நாலாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு தேதி வேண்டுமா என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிச்சயத்துக்கு அம்மா வருவாள். எனக்கு எழுத வேண்டாம்.

நாகஜோதி