அப்பாவைக் கப்பலேற்றிய ஊரில் நீ அடித்த விண்ணப்பங்கள்

அம்மா,

கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரிப்பன் மையும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த மணம் சட்டென்று முகத்தில் வந்து மோதியது. எனக்கு எழுபது கடந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியில் நான் பள்ளிச் சீருடையோடு பிரிக்பீல்ட்ஸ் தெருவோரத்தில் உன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய தட்டச்சு இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் இருந்தது, பத்திரிகை அலுவலகத்தில் இருந்தது, தோட்ட அலுவலகத்தில் எழுத்தர் கிராணி வைத்திருந்தது என்று வரிசையாக நிற்கின்றன. கூடத்தின் கடைசி மூலையை வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கப்பல் படங்களும் முகங்களும். நான் கொடுத்த உன் இயந்திரத்தை அந்த மூலையின் தொடக்கத்தில் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் பார்க்க வரச் சொன்னாள் கவிதா. கண்காட்சியின் பொறுப்பாளர் அவள்தான். என் மகள் வயதுதான் இருக்கும்.

அருகில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தேன். 'நாடு கடத்தப்பட்ட தொழிற்சங்கவாதி ஒருவரின் மனைவி பயன்படுத்தியது.'

"தப்பா ஏதும் இருக்கா ஆன்டி?" என்று கேட்டாள் கவிதா. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"தப்பு இல்லம்மா. ஆனா பாதிதான் இருக்கு."

"மீதியச் சொல்லுங்க. ஒக்காருங்க, டீ வரச் சொல்றேன்."

சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நீ உன்னைப் பற்றி ஒருநாளும் பெருமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்காக நான் பேசியதை நீ கேட்க வேண்டாமா?

கிள்ளானில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த தொழிற்சங்க அலுவலகத்திலிருந்து கதையைத் தொடங்கினேன். அப்பா இளவயதில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து, சங்கச் செயலாளர் ஆனவர். நீ கிள்ளானிலேயே பிறந்து, கான்வென்டில் தட்டச்சு கற்று, அங்கே வேலைக்கு வந்தவள். அவர் தமிழில் சொல்வார். நீ ஆங்கிலத்தில் அடிப்பாய். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் குடிதண்ணீர், பேறுகாலத்துக்கு விடுப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. "துரை அவர்கள் தயவு கூர்ந்து..." என்று அப்பா தொடங்கினால் உன் கை நின்றுவிடுமாம். "தயவு எதுக்குங்க? கேக்குறது நியாயந்தானே?" என்பாயாம். உங்கள் கல்யாணம் அந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிட்டது என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு நாற்பத்தெட்டில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. சங்கம் தடை செய்யப்பட்டது. பட்டப்பகலில் போலீஸ் வந்து அப்பாவையும் அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரத்தையும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போனது. பல மாதத் தடுப்புக்காவலுக்குப் பிறகு அவரை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. துறைமுகத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நீயும் போகலாம் என்று அதிகாரி சொன்னார்.

அப்பாதான் மறுத்தார். "நீ இங்க பொறந்தவ. ஒன்னை யாரும் தொரத்த முடியாது. புள்ளய இங்கேயே வளத்துடு. நான் எப்படியாச்சும் வந்துருவேன்."

அவரைத் திரும்ப வர விடவே இல்லை. நீ எத்தனையோ முறை எழுதிப் பார்த்தாய். எல்லாவற்றுக்கும் மறுப்புதான் வந்தது.

அன்று துறைமுகத்தில் நீ அழுததாக யாரும் சொன்னதில்லை. நீ அங்கே ஒன்றைக் கவனித்திருக்கிறாய். அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாய். "வரிசையில ஒவ்வொருத்தனையும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: நீ இந்த நாட்டு ஆளுன்னு காட்ட என்ன வெச்சிருக்கேன்னு. காட்ட ஒண்ணுமில்லாதவன் ஏறினான். அவ்ளோதான்."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தாய். சுதந்திரம் வந்து, குடியுரிமை கேட்க நம் ஆட்களுக்கும் வழி திறந்ததும், வேலையை விட்டுவிட்டுப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினாய். கடை முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு உட்கார்ந்தாய். கிள்ளானிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ரப்பர் பால் கறை படிந்த விரல்கள், சலவை செய்து மடித்த சட்டைகள். உன்னை எல்லோரும் டைப்பக்கா என்றார்கள். உன்னைவிட மூத்தவர்களுக்கும் நீ அக்காதான்.

பள்ளி விட்டு வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வயதான பால்மரத் தொழிலாளி ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குத் தான் பிறந்த ஆண்டு தெரியவில்லை. வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை.

"தெரியலம்மா. ஜப்பான்காரன் வந்தப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"மூத்தவன் அப்ப நடந்தானா?"

"ஓடுவான்மா! ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

"போதும் பெரியம்மா. அதுலேருந்து புடிச்சிடலாம். ஒங்க லயத்துல ஒங்களவிட மூத்தவங்க யாரு இருக்கா? அவங்களச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

அவர்கள் எழுந்தபோது அந்த அம்மாவின் தலை நிமிர்ந்திருந்தது. விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்ததோடு நீ விடமாட்டாய். அதிகாரி மலாய் மொழியில் என்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாய். அவர்கள் திக்கினால் சிரிக்காமல் மறுபடியும் சொல்வாய். "வாய் ஆயிரம் சொல்லும். ஆபீசுல தாள்தான் பேசும்" என்பாய்.

உன்னைக் கண்காணிக்க சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வருவார். தமிழர்தான். நாடு கடத்தப்பட்டவன் மனைவி தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா? ஒருநாள் ஆட்கள் நிற்கும்போதே வந்து, "இன்னும் என்ன அடிக்கிறே? பழைய வேலைதானா?" என்று அதட்டினார். வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

நீ உருளையிலிருந்து தாளை உருவி அவரிடம் நீட்டினாய். "படிங்க சார். சத்தமா படிங்க. இவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் படிக்கவில்லை. நீயே படித்தாய், வரிக்கு வரி தமிழில். இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று மேசை முன்னால் நின்ற மனிதர் செய்யப்போகும் உறுதிமொழி அது.

"இதுல எந்த வரி சட்டத்துக்கு விரோதம்னு சொல்லுங்க. கோடு போட்டு அடிச்சிடறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த போலீஸ்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். பிறகு பல மாதம் கழித்து ஒரு காலை அவரே மறுபடியும் வந்தார், தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு. நீ ஒன்றும் கேட்காமல் தாளைச் செருகி, அந்தக் கிழவியிடம், "ஒக்காருங்க பாட்டி, பேரச் சொல்லுங்க" என்றாய். உன்னை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிற நாட்களில் எனக்கு அதுவே முதலில் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று கெடுபிடி வந்தது. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். இந்த முறை போலீஸ் பிடித்துப் போகவில்லை. வயிறு பிடித்துத் தள்ளியது. உன் மேசைக்கு முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. அப்போது நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடுப்பு போட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ சாப்பிட எழுந்தால் நான் அடிப்பேன். நான் சோர்ந்தால் நீ அடிப்பாய். எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்களைத் துறைமுகம் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவாய். வந்தவுடன் அடுத்த தாளைச் செருகுவாய்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் நாமே கப்பலேறினோம், அப்பாவைப் பார்க்க. நாகப்பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. கரையில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடுப்புல இருந்தவளா இது?"

அந்த விடுமுறை முழுக்க அவர் உன்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும் நாள் நெருங்கியபோது, "இங்கேயே இருந்துடுங்களேன்" என்றார். கெஞ்சலாகத்தான் கேட்டார். உன் கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"எனக்கும் ஆசைதான். ஆனா அங்க வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க" என்றாய்.

அப்பா உன்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சங்கத்த மூடிட்டாங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். நீதான் தொறந்து வெச்சிருக்கியா?"

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டதாகத் தந்தி வந்தது. இவ்வளவு பெரிய கடலை நடுவில் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காரியம் முடிந்ததும் நீ அஞ்சடிக்குத் திரும்பினாய். கண் பார்வை மங்கும்வரை அங்கேதான் இருந்தாய்.

கதை முடிந்தபோது கவிதாவின் டீ ஆறிப்போயிருந்தது. "மாத்திடறேன் ஆன்டி. இன்னிக்கே" என்றாள். மறுநாள் விழாவுக்குப் போனபோது புதிய குறிப்பு இருந்தது. முதலில் உன் பெயர், அதற்குக் கீழே நீ செய்த வேலை. அப்பா கடைசி வரியில், உன் கணவராக வருகிறார். அவருக்கு அது மிகவும் பிடித்திருக்கும்.

அந்தக் குறிப்பின் முன்னால் ஒரு பெரியவர் வெகுநேரமாக நின்றிருந்தார். சுங்கை பூலோவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். நான் யார் என்று கவிதா சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டைப்பக்கா மகளா நீங்க? எங்கப்பா கப்பல் டிக்கெட்டே எடுத்துட்டாரும்மா. பெட்டியெல்லாம் கட்டியாச்சி. எனக்கு இந்தியான்னா எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. ஒங்கம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. 'மொதல்ல போயி டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்'னாங்க."

பிறகு திரும்பிக் குரல் கொடுத்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு கும்பலே வந்து சுற்றி நின்றது. கைக்குழந்தை ஒன்று கண்ணாடியைத் தட்டியது. "எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இவங்கம்மா அன்னிக்கு அதட்டலன்னா நாம யாருமே இங்க இல்ல" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன்.

வேலை இன்னும் தீரவில்லை அம்மா. இங்கேயே பிறந்து, இங்கேயே நரைத்து, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல், இன்னமும் சிவப்பு ஐசியோடு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். செலாயாங்கில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்க நாங்கள் சிலர் உட்கார்கிறோம். கணினியில் அடிப்பது இளையவர்கள். முன்னால் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது என் வேலை. எந்த அலுவலக வாசலிலும் தயவு கேட்டு நிற்க எனக்கு வராது. அது உன்னிடமிருந்து வந்தது. ஜப்பான்காரன் காலத்திலிருந்து வயதைக் கண்டுபிடிப்பதும் உன்னிடமிருந்துதான். இப்போது அதற்குப் பதிலாக கோலாலம்பூரில் பெருவெள்ளம் வந்த வருஷத்தைக் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை நடுவில் கைப்பேசி அடித்தது. குடியுரிமைக்காக நெடுங்காலமாக அலைந்துகொண்டிருந்த லெட்சுமியம்மா. கிள்ளானில் பிறந்தவர், கொள்ளுப்பேரன் எடுத்தவர்.

"அக்கா, நீலம் வந்துருச்சிக்கா. கையில வெச்சிருக்கேன். என் பேரு சரியா போட்டிருக்கு."

எதிரே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவரை உட்காரச் சொன்னேன்.