அக்ரூட் சாயம்

கோல்டர்ஸ் மில், கென்டக்கி
1911, ஏப்ரல் 3

அன்புள்ள தம்பி எல்க்கனாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை.

இங்கே நீதிமன்ற வாசலில், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரின் தெற்குப் படை வீரனுக்குச் சிலை எழும்புகிறது. என் மகன் ஓர்வில் பரணிலிருந்த, மறைந்த ஆஷர் அண்ணனின் பழுப்புச் சட்டையைச் சிலைக் குழுவிடம் காட்டிவிட்டான்; தெற்குப் படையினர் போட்டதும் பழுப்புதானே. குழுத் தலைவி டேண்டி அம்மாள் ஓடி வந்தாள். "ஏன் லுரிண்டா, வீட்டுல தெற்குப் படை வீரரை வச்சுக்கிட்டு வாயே திறக்கலியே! ரொம்பத்தான் அடக்கம் உனக்கு!" அண்ணன் பெயரைப் பீடத்தில் வெட்டப் போகிறார்கள்.

உன் அக்கா,
லுரிண்டா

டோபீகா, கான்சாஸ்
ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வலி இருக்கிறது, கோபம் அதைவிட அதிகம். நம்மோடு வளர்ந்த அடிமை சைலஸை அவன் மனைவியிடமிருந்து பிரித்து ஏலத்தில் விற்ற அன்றுதானே அண்ணன் அடிமைமுறையை எதிர்த்த வடக்கின் நீலப் படையில் சேர்ந்தான்? நம் மாநிலமே தெற்கோடு போகவில்லையே! திரும்பி வந்தவன் மேல் தெருவில் துப்பினார்கள் என்றுதானே அம்மா சட்டையை அக்ரூட் தோலில் வேகவைத்துப் பழுப்பாக்கினாள்?

கணக்கு வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன்: விடையில் சந்தேகம் வந்தால் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார். கழுத்துப் பட்டையின் தையலைப் பிரி. சாயம் உள்ளே ஏறியிருக்காது. அந்த நீலத்தைக் காட்டு. அண்ணன் பெயர் அங்கே ஏறக்கூடாது.

உன் தம்பி,
எல்க்கனா

கோல்டர்ஸ் மில்
ஏப்ரல் 24

அன்புள்ள தம்பி,

சிலைக் குழுவில் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டினேன். நீ சொன்னது சரி, நேற்று நெய்ததுபோல நீலம். டேண்டி அம்மாள் கைதட்டினாள். "அப்போ எதிரியைச் சாய்ச்சுப் பறிச்ச சட்டை! சாயம் ஏத்திப் போட்டுக்கிட்டாரு! நம்ம பசங்க எத்தனை பேர் அப்படித்தான் போட்டாங்க!" இல்லை என்றேன். சைலஸைப் பற்றியும் சொன்னேன். "பாவம், வயசாச்சு, குழம்புது" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சட்டை இப்போது கண்ணாடிப் பெட்டியில், நீலம் தெரியும்படி, 'எதிரியிடம் கைப்பற்றியது' என்ற அட்டையோடு.

வீட்டுக்கு வந்து ஓர்விலிடம் எல்லாம் சொன்னேன். "இருக்கட்டும்மா, ஊரே ஒண்ணு சொல்லும்போது நாம ஒண்ணு சொல்லணுமா?" என்றான். இலையுதிர்காலத் தேர்தலில் நிற்கிறான். திறப்பு விழாவில் பேசுவது அவன்தான்.

காலையில் கண்ணாடி முன்னால் பேசிப் பழகினான். பாதியில் நிறுத்தி, "அம்மா, மாமா எத்தனை நீலச் சட்டைக்காரனைச் சுட்டாருன்னு சொல்லலாம்?" என்றான்.

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், தம்பி. "நீயே பார்த்து ஒரு கணக்குப் போட்டுக்கோடா" என்றேன்.

விழாவுக்கு வராதே.

லுரிண்டா