செல்வி சொன்ன வணக்கம்

செவ்வாய்க்கிழமை, செண்பகனூர்.

சாயந்திரம் என் மகள் செல்வி ஸ்லோவாக்கியாவிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். அங்கே கம்பெனி வேலைக்குப் போய் நான்கு மாதம்தான் ஆகிறது. அவள் தங்கியிருக்கும் சின்னக் கிராமத்தில் பாதிப் பேர் ஸ்லோவாக் பேசுகிறார்கள், பாதிப் பேர் ஹங்கேரியன். வீட்டுக்காரம்மா பேசுவது ஹங்கேரியன். அவர் சொல்லிக்கொடுத்த 'யோ நபோத்' என்ற வணக்கத்தைத்தான் இன்று பஸ் டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள். "இது ஸ்லோவாக்கியா. எங்க பாஷையில பேசு" என்று அவன் எல்லார் முன்னாலும் கத்தினானாம்.

என் கணவர், "போன எடத்துல அவங்க பேச்சத்தானே பேசணும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த வீட்டுக்காரம்மாவும் அந்த ஊர்க்காரிதானேங்க? பொறந்த ஊர்லயே அவுக பேச்சு ஆகாதா?"

சிலோனிலிருந்து வந்த புதிதில் நான் இங்கே கடையில் 'பாண்' கேட்டேன். "ரொட்டின்னு கேளு, இல்லாட்டி சிலோனுக்கே போ" என்றார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

செல்வியிடம், "நாளைக்கும் அதையே சொல்லு. அவன் பாஷையிலயும் சேத்துச் சொல்லு" என்றேன்.

"வேணாம்மா. இனிமே வாயே தொறக்காம ஏறி ஒக்காந்துக்கிறேன்."

ஒரே கத்தலில் என் பெண்ணையும் ஊமையாக்கிவிட்டான்.