வண்டிக்குள் ஒரு மறைப்பு

எதைக் கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றே சொல்லிவந்த என் அம்மாவுக்கு,

நாங்கள் வண்டி வாங்கிவிட்டோம். நீ சொல்லும் பிளெஷர் கார் இல்லை, அதைவிடப் பெரியது. உள்ளேயே படுக்கலாம், ஸ்டவ் வைத்துச் சமைக்கலாம். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்பது உன் மருமகனின் நெடுநாள் ஆசை என்று உனக்குத் தெரியும். இந்த மே மாதம் கன்னியாகுமரி வரை போகப்போகிறோம். இதைச் சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை அம்மா.

இரண்டு மாதமாக அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. நமக்கு ஏற்ற வண்டி என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். சாமான் ஏற்ற மேலே கேரியர். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு. மண்ணெண்ணெய் சிந்தாமல் ஸ்டவ் வைக்க ஒரு பெட்டி. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேன். சாப்பிட உட்கார்ந்ததும் அதை விரித்து, "வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா கமலா?" என்பார். "இல்லீங்க" என்பேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன்.

சிவாஜி நகரில் ரஹீம் பாயின் ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஸ்டேஷன் வேகன். பளபளவென்று, நாலு பக்கமும் கண்ணாடி. இன்னொன்று பட்டாளத்தில் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ். உயரமான கூரை, பக்கவாட்டில் ஜன்னலே இல்லை, சிவப்புச் சிலுவைக் குறியின் மேல் பூசிய பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தது. என் கொழுந்தன் சுந்தரம் அதைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"அண்ணி, பேடவே பேடா, இது வேணாம். எத்தனை பொணம் ஏறின வண்டியோ!"

"அரே சாப், பொணத்துக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்? உசுரு இருக்கறவனத்தான் இதுல ஏத்துவாங்க" என்றார் பாய்.

"ஏறும்போது உசுரோடதான் ஏறுவான் பாய். எறங்கும்போதுதானே சந்தேகம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டேஷன் வேகனை ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் வரை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று காலை மல்லிகாவுக்குக் காபி நீட்டினேன். உன் பேத்திக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டது.

"வேணாம்மா. வந்து குடிச்சிக்கிறேன்."

"வெறும் வயித்தோடயா வருவ?"

"குடிச்சிட்டு வழியில எங்கம்மா போறது?"

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரையும் நிறுத்திவிட்டாளாம். ஏதோ சீப்பை எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதுபோல அதைச் சொன்னாள். நான் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை அம்மா. பார்த்தே கற்றிருக்கிறாள். நான் உன்னைப் பார்த்துக் கற்றதைப் போல.

ஆனேக்கல் போகும் வழியெல்லாம் நாம் திருவண்ணாமலை போன பயணம்தான் என் கண்ணில் இருந்தது. இரவல் கார். ஓட்டியவர் இவர். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தடவை, செங்கத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நிறுத்தினோம். கொதித்த ரேடியேட்டருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆண்கள் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள். நீ பின் சீட்டில் முழங்கால்களைச் சேர்த்து வைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் நானும் அப்படியே. பி.ஏ. படித்தவள் நான். "அம்மா, நாம ரெண்டு பேரும் எறங்கிப் போய்ட்டு வரலாமா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் வரவில்லை. யாருக்கு முன்னால் அப்படி வெட்கப்பட்டோம்?

திரும்பிவந்த மூன்றாம் நாள் உனக்குக் குளிர்காய்ச்சல். லேடி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எவ்ளோ நேரம் அடக்கி வெச்சிருந்தாங்க? ரொம்ப வருஷமா இப்படித்தானா?" என்று கேட்டார். அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார். நான் வெளியே வந்து எல்லாரிடமும் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். பதினைந்து நாளில் நீ போய்விட்டாய். அந்த ஒரு பயணமா, அதற்கு முன் நீ அடக்கிவைத்த வருஷங்களா? டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் இவர், "முடிச்சிடலாம் பாய்" என்றார்.

"இது வேணாங்க. ஆம்புலன்ஸ எடுப்போம்" என்றேன்.

"ஏன், என்னாச்சு?"

"அதுல நிமிர்ந்து நிக்கலாம். பின்னால ஒரு மூலைய மறைச்சு, பொம்பளைங்க ஒண்ணுக்குப் போக எடம் பண்ணலாம்."

சுந்தரம் சட்டென்று குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தான். மல்லிகா என் கையைக் கிள்ளினாள். "அம்மா, சும்மா இரேன். மானம் போவுது."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பாய்தான் பேசினார். "பலகையில ஓட்டை போட்டு, கீழ மூடி போட்ட பக்கெட்டு. கஷ்டமில்ல. கேன்வாஸ் தெர போதுமாம்மா, கதவு வெக்கட்டுமா?"

"கதவு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "அன்னிக்கு அத்தையும் இப்படித்தானா?" டாக்டர் கேட்டதை, சொன்னதை, எட்டு வருஷமாக வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "வண்டி ஓட்டினது நான்தானே. மூணு எடத்துல நிறுத்தினேனே கமலா. பின்னால திரும்பி ஒரு வார்த்த கேக்கலியே" என்றார். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்லாமல் விட்டது சரியா அம்மா? உன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லப்போய் நான் அவரைத் தண்டித்துவிட்டேனா?

இப்போது சாப்பிடும்போது அவர் பட்டியலை விரிப்பதில்லை. வேலை விட்டதும் ஷெட்டுக்குப் போய்விடுகிறார். உட்காரும் பலகையைத் தானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். நேற்றும் தேய்த்தார். அது எப்போதோ வழவழப்பாகிவிட்டது.

மல்லிகா மட்டும் மசியவில்லை. "செத்தாலும் அதுக்குள்ள போக மாட்டேன். சித்தப்பா எல்லாம் இருப்பாங்க" என்கிறாள். அவளைத் திட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் 'செத்தாலும்' என்ற அந்தச் சொல்லை மட்டும் இனிச் சொல்லாதே என்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா. கிளம்பும் நாள், ஓசூர் வருவதற்குள் அவள் கண்ணெதிரே ஒரு சொம்புத் தண்ணீர் முழுதாகக் குடிப்பேன். அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்வேன். ஏன் என்று சுந்தரம் கேட்டால் அவனுக்கும் சேர்த்தே உரக்கச் சொல்வேன். எல்லாரும் பார்க்க எழுந்து, அந்தக் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக நான் போவேன்.

உன் மகள், மல்லிகாவின் அம்மா,
கமலா