பட்டறையில் ஏழு நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முப்பத்துநாலு வயசுக்காரியைப் பாப்பா என்கிறீர்களே என்று அண்ணன் கேலி செய்கிறான், அவன் கிடக்கிறான். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு ஜன்னல் கிரில்லும் ஒரு கேட்டும் செய்துகொடுக்க வேண்டியிருந்தது, அதுதான் தாமதம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அந்த வேலை போன வாரமே முடிந்துவிட்டது. உண்மை என்னவென்றால் நீ கடைசி வரியில் கேட்ட கேள்விதான். அந்த ஏழு நாளும் எனக்கு வலித்தது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, ஒரே வார்த்தையில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒரு வார்த்தையில் எதையும் சொல்லத் தெரியாது என்று உனக்கே தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிக்கு ஏறுவதில்லை, கீழே இருந்தபடியே மாடியை அதிகாரம் செய்கிறாள். பட்டறையை முக்கால்வாசி அண்ணன்தான் பார்க்கிறான், என்னை அளவெடுக்க மட்டும் அனுப்புகிறான். நம் பெயிண்டர் அப்படியேதான் இருக்கிறார், கேட்டுக்குப் பச்சை அடிக்கச் சொன்னால் நீலத்தை அடித்துவிட்டு, வெயில்ல பாருங்க பச்சையாத்தான் தெரியும் என்கிறார். டிவி சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது என்று அம்மா தினமும் உயிரை எடுத்ததில் காது டாக்டரிடம் போய்வந்தேன். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் பொத்தானைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், கதவைத் திறந்து முடிந்துவிட்டது வாங்க என்கிறார்கள். இடது காது முக்கால்வாசி போய்விட்டதாம், வலது பாதி. இரும்பு அறுக்கிற சத்தம் எனக்குப் பழகிப்போச்சு டாக்டர் என்றேன். பழகலைங்க, காது செத்துப்போச்சு என்றார். வீடு வந்து சேருகிறவரை உன் நினைப்புதான் எனக்கு.

ஏனென்றால் அந்தப் பழக்கத்தை நம்பித்தானே உன்னை உட்கார வைத்தேன். பட்டறைக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் முதல் ஏழு நாள் இரும்பு அறுக்கிற கிரைண்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எட்டாம் நாள் சத்தம் ஒன்றும் செய்யாது, இது என் முதலாளி எனக்குச் செய்தது, நான் எல்லாருக்கும் செய்தது. நீயோ மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாய், பள்ளி மணிக்கு அழுவாய், சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டு உறுத்துகிறது என்று சட்டையையே கழற்றி எறிவாய். செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உனக்கு அப்போது ஏழு வயது. அந்த விடுமுறையில் தினமும் அரைமணி நேரம் உன்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கிரைண்டரை ஓட்டினேன். முதல் நாலு நாள் கத்தினாய், ஐந்தாம் நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. பாப்பா சரியாயிட்டா என்று பெயிண்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீ யாரோடும் பேசாததை அடக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம், என்ன ஜென்மமோ நாங்கள்.

உனக்கு ஆட்டிசம் என்று அங்கே உன் டாக்டர் இப்போதுதான் கண்டுபிடித்துச் சொன்னதையும், மற்றவர்களுக்கு வெறும் சத்தமாக இருப்பது உன் போன்றவர்களுக்கு வலியாகவே உடம்பில் இறங்கும், இறங்கியது போகாமல் தங்கிவிடும் என்று நீ எழுதியிருந்ததையும் நாலு தடவை படித்தேன். உன் ஆபீஸ் வாசலில் மிஷின் வைத்துத் தரையைத் துளைத்த அன்று, எப்படிப் போனோம் என்றே தெரியாமல் மேசைக்கு அடியில் கிடந்தாயாமே. அந்த ஸ்டூல்தான் அது, எனக்குப் புரிகிறது.

அம்மா போன வாரம் ஒரு யோசனை சொன்னாள். தெரியாதுன்னு எழுதிடுங்க, பொண்ணு மனசு ஆறும், அப்பவே காது கேக்காத மனுஷன்னா அவளும் நம்பிடுவா என்றாள். காது டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது, எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் கண் நன்றாகத்தான் இருந்தது, பாப்பா. நாலாம் நாள் உன் இடது முன்கையில் பல் தடம் பார்த்தேன், நீயே கடித்துக்கொண்டது, ரத்தம் கட்டி நீலமாக இருந்தது. மிஷினை நிறுத்தினேன், கையைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் மூணு நாள்தானே என்று மறுபடி ஓட்டினேன். அம்மா கேட்டபோது கிரில்லில் இடித்துக்கொண்டாள் என்றேன். இதை அம்மாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். அது நியாயம்தான். நீ ஒரு வார்த்தை கேட்டாய். தெரியும்.

ஆறு வருஷமாக வராதவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வந்தால் அத்தனை நாளும் பட்டறையைப் பூட்டிவிடுவேன் என்று அண்ணன் சொல்லச் சொன்னான். ஏழு நாள் நிற்க வைக்கிற வழக்கத்தையும் நிறுத்தியாகிவிட்டது, இப்போது எல்லார் காதிலும் மூடி மாட்டியிருக்கிறோம், பெயிண்டர்கூட மாட்டிக்கொள்கிறார், அவருக்கு எதற்கென்று தெரியவில்லை. நீ நோய்நொடி இல்லாமல் நிம்மதியாக நீண்ட நாள் இருக்க வேண்டும். பதில் போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே, வெளியே போகும்போது உன் காது மூடியை எடுத்துக்கொண்டு போ, பழகிடும் என்று யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், கழற்றாதே.

இப்படிக்கு,
உன் அப்பா