பாதியில் நின்ற கை

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நாங்கள் சுகம். கடலில் உங்கள் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும். முதலில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். நம் பெண், அந்த வாலு, ஜெயித்துவிட்டாள்! அவள் படிப்பு முடியும் வரை வீட்டு இணையச் செலவை அரசாங்கமே ஏற்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

காது கேளாத பிள்ளைக்குக் கல்லூரியில் பாதிப் பாடம்தானே போய்ச் சேருகிறது? மீதியைச் சைகை மொழி ஆசிரியை வேறு ஊரிலிருந்து கணினியில் சொல்லிக் கொடுக்கிறார். என் போனிலிருந்து இழுத்த நெட்டில் அவர் விரல்கள் அப்படியே உறைந்து நின்றுவிடும். மறுபடி அசையும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். போன மாதம் வாலு புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, உன்கூடவே தைக்க வர்றேன் என்று கைகளால் சொன்னாள். அதை உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

நெட் செலவைக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நெட் எல்லார் வீட்டிலும் இருக்கிற செலவு என்று திருப்பிவிட்டார்கள். விடாமல் மேல்முறையீடு செய்தோம், நேரில் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவிலிருந்த அதிகாரி, "படம் பாக்கறதுக்கும் அரசாங்கம்தான் பணம் கட்டணுமாம்மா?" என்றார். அதை வாலுவுக்குக் கையால் சொன்னேன். வாலு முன்னால் வந்தாள். அவள் கை சொல்லச் சொல்ல நான் குரல் கொடுத்தேன். "சார், நான் மருந்தாளுநருக்குப் படிக்கிறேன். சின்னக் குழந்தைக்கு மருந்து கொடுக்கறப்ப முக்கியமா கவனிக்க வேண்டியது..." அதோடு கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா பாதியில நிறுத்திட்டா? முழுசாச் சொல்லச் சொல்லுங்க" என்றார். அப்புறம்தான் அவள் கை அசைந்தது. "தினமும் எனக்கு வகுப்பு இப்படித்தான் சார் நடக்குது."

ஓரத்திலிருந்த பெண் அதிகாரி சிரித்தேவிட்டார். நடுவிலிருந்தவர் சிரிக்கவில்லை. இனி இந்த மாதிரிப் பிள்ளைகளோட மனுவை வீட்டுச் செலவுன்னு தள்ளாதீங்க என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்த வாரமே உத்தரவு வந்துவிட்டது!

நேற்று லைன் போட்டார்கள். புத்தகங்கள் பரணைவிட்டு இறங்கிவிட்டன. வாலு ஆசிரியையோடு கைவீசிப் பேசிய வேகத்தில் மேசை விளக்கு தரையில் உருண்டது. பக்கத்து வீட்டக்கா அதற்குள் பாஸ்வேர்டு கேட்டு வந்துவிட்டார். நான் சைகையில் சொன்னதும் வாலு, எனக்குத்தான் காது கேக்காதே என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொழுப்பைப் பாருங்கள்!

ஒன்று கேட்கிறேன், தட்டாதீர்கள். கரைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை எப்படி இருக்கா என்று விசாரிப்பீர்கள். இந்த முறை வீடியோவில் அவளையே கூப்பிடுங்கள். சைகை தெரியாதே என்று தயங்க வேண்டாம். "சாப்பிட்டியா" என்று கையால் கேட்க உங்களுக்குத் தெரியாதா என்ன? அங்கிருந்து தொடங்குங்கள், மீதியை அவள் சொல்லித் தருவாளாம். தப்பு வந்தால் சிரிப்பாள், சிரிக்கட்டுமே. லைன் வந்ததும் அவள் முதலில் கேட்டது, அப்பா கப்பல் எப்பக் கரைக்கு வரும் என்றுதான்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி