பாரிசுக்கு இரண்டு மணித்தியாலம்

1989 மாசி, வியாழன். ரண்டர்ஸ், டென்மார்க்.

என் நாட்குறிப்புக் கொப்பியே, சுகமாய் இருக்கிறியோ?

மனைவியைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் இங்கே அசையவேயில்லை. அதற்குள் அவள் ஊரிலிருந்து, ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனோடு பாரிசில் வந்து இறங்கிவிட்டாள். கொப்பன்ஹேகனிலிருந்து விமானத்தில் இரண்டு மணித்தியாலம்தான். இங்கிருந்து கொப்பன்ஹேகன் போகத்தான் கூட நேரம். வழியில் ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள்.

இன்று தொலைபேசியில் சொன்னாள்: "அகதியாய்ப் பதியேக்கை புருசன்ரை பேர் கேட்டாங்கள்."

"சொன்னனியோ?"

"இஞ்சாருங்கோ, உங்கடை பேரை நான் என்னண்டு வாயாலை சொல்லுறது? குனிஞ்சுகொண்டு நிண்டன். கலியாணமாகேல்லை எண்டு எழுதிப்போட்டாங்கள்."

இனி அவளை என் மனைவியென்று யார் இங்கே விடப்போகிறார்கள்? கோபமும் வரவில்லை.

"இப்ப சொல்லு பாப்பம்."

பிறகு முதல் தடவையாக என் பெயரைச் சொன்னாள். யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

என்னோடு அறையிலிருக்கும் அண்ணை, "சோறு ஆறுது, வாரும்" என்கிறார். நாளைக்கு லோயரிடம் போய், அவளுக்குக் கலியாணமானதென்று பதிவைத் திருத்த வழி கேட்க வேண்டும்.